ஓட்ட வண்டியும் இரண்டு குழந்தைகளும்: நான்கரை ஆண்டு அனுபவம்

மூத்தவளுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்றை வாங்கினோம். இப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. தம்பிக்கு இரண்டரை வயது. இந்த நான்கரை ஆண்டுகளில் ஓர் அரை மாரத்தானையும் ஒரு முழு மாரத்தானையும் ஓடி முடித்திருக்கிறேன். பணம் கட்டிப் பதிவு செய்த இரண்டு போட்டிகளுக்குப் போகாமலே இருந்திருக்கிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு 42.195 கிலோமீட்டருக்குத் தயாராக முடியுமா என்று கேட்பவர்களுக்கு, என் வீட்டில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். சாதாரணத் தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஓட்ட வண்டிக்குக் காற்றடைத்த பெரிய டயர்களும், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும், அசையாமல் பூட்டக்கூடிய முன்சக்கரமும், இரு தோள்களிலும் இடுப்பின் இருபுறமும் கால்களுக்கு நடுவிலும் பிடிக்கும் ஐந்து முனை பெல்ட்டும், ஓடுபவரின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வாரும் இருக்க வேண்டும். கழுத்து நன்றாக நின்று, குழந்தை தானாக நிமிர்ந்து உட்காரும் வரை அதில் வைத்து ஓடலாகாது. ஆறு முதல் எட்டு மாதம் வரை பொறுக்கும்படிதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நாங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே தொடங்கினோம்.

முன்சக்கரத்தைப் பூட்டும் வழக்கம் எனக்கு ஒரு தவறினால்தான் வந்தது. நடக்கும்போது அது இருபுறமும் சுழல்வது வசதியாக இருக்கும். அப்படியே விட்டுவிட்டு ஒரு நாள் இறக்கத்தில் வேகமெடுத்தேன். பட்டாணி அளவுக் கல் ஒன்று இடறியதும் சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டு குறுக்கே திரும்ப, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. மணிக்கட்டு வாரை இழுத்துப் பிடித்துவிட்டேன். மகள் பெல்ட்டுக்குள் பத்திரமாக இருந்தாள். உதடு பிதுங்கி, அழலாமா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்தாள். அன்று மீதித் தூரத்தை நடந்தே வந்தேன். அதற்குப் பிறகு, வீட்டு வாசலிலேயே முன்சக்கரத்தைப் பூட்டி, காற்றழுத்தத்தையும் பிரேக்கையும் பார்க்காமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

வெயிலையும் குளிரையும் பற்றி நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஓடுகிற நமக்கு உடல் சூடேறிவிடும். அசையாமல் உட்கார்ந்து காற்றை எதிர்கொள்ளும் குழந்தைக்குக் குளிரும். ஆகையால் எனக்கு வேண்டியதைவிட ஓர் உடுப்பு கூடுதலாகவே அவளுக்குப் போட்டேன். வெயிலுக்காக வண்டியின் முகப்பைத் துணியால் மூடுவது நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள்; அப்படி மூடினால் காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் கூடிவிடும். வண்டியோடு வரும் கூரையை விரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவதே சரியான வழி.

பிரசவத்துக்குப் பின் மீண்டும் ஓடத் தொடங்கியதில் நான் செய்த பிழையையும் சொல்லியாக வேண்டும். முதல் பிரசவம் முடிந்து ஆறாவது வாரப் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றதும், மறுநாளே ஓடினேன். பத்து நிமிடத்துக்குள் அடிவயிற்றில் ஒரு கனமும், கட்டுப்படுத்த முடியாத சிறுநீர்க் கசிவும் வந்தன. வெட்கத்தில் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சென்ற இயன்முறை மருத்துவர்தான் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தள தசைகளுக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். 2019-இல் பிரிட்டனைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று மாதத்துக்கு முன் ஓட வேண்டாம் என்றும், அதன் பிறகும் முப்பது நிமிட நடை, ஒற்றைக்காலில் நிற்றல், ஒற்றைக்காலில் குதித்தல் போன்றவற்றை வலியோ கசிவோ இல்லாமல் செய்ய முடிகிறதா என்று பார்த்த பின்பே தொடங்கலாம் என்றும் சொல்கிறது. இரண்டாவது முறை அதன்படியே நான்காவது மாதத்தில் தொடங்கினேன். எந்தத் தொந்தரவும் வரவில்லை.

இனி பயிற்சி அட்டவணை. திருமணத்துக்கு முன் வாரம் ஐந்து நாள் ஓடிய பழைய பதினெட்டு வார அட்டவணையையே மீண்டும் எடுத்தேன். மூன்றாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தவறிய தூரத்தையெல்லாம் அடுத்த வாரம் சேர்த்து ஓடப்போய், முழங்காலுக்குக் கீழே வலியை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடங்களைக் கணக்கிட்டேன். வாரத்தில் ஓர் ஓட்டம் கட்டாயம், இன்னும் இரண்டு முடிந்தால் மட்டும், விட்டுப்போனது விட்டுப்போனதுதான். இரவில் மூன்று முறைக்குமேல் எழுந்திருந்தால் மறுநாள் வேக ஓட்டம் இல்லை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் மட்டுமே. வண்டியைத் தள்ளும் நாளில் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. கைகளை வீச முடியாததாலும் கூடுதல் எடையாலும் அதே உழைப்புக்கு வேகம் குறையத்தான் செய்யும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கணவர் சொன்ன ஒரு சொல்லால் வந்தது. ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வந்து, மதியம் முழுவதும் எழ முடியாமல் படுத்துக்கிடந்தேன். இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு வந்தவர், கோபமே இல்லாத குரலில், “நீ மூணு மணி நேரம் ஓடலை, இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கே” என்றார். நீண்ட ஓட்டம் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் அதுவரை பாதியாகத்தான் கணக்கிட்டிருந்தேன் என்பது அப்போது உறைத்தது. பழைய அட்டவணையில் 32 கிலோமீட்டர் வரை போகும் ஞாயிறு ஓட்டத்தை இரண்டரை மணி நேரத்தோடு நிறுத்தினேன். அதற்கு முந்தைய நாள் வண்டியோடு ஒரு மணி நேரம் மெதுவாக ஓடிச் சற்றே களைத்த காலோடு ஞாயிறைத் தொடங்கினேன். சனிக்கிழமை மதியம் முழுவதும் அவருக்கென்று விடப்பட்டது. ஓட்டம் நன்றாக இருந்ததா என்பதை இப்போது மாலை நான்கு மணிக்குத்தான் முடிவு செய்கிறேன்: குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடத் தெம்பு இருந்தால் அந்தத் தூரம் எனக்குச் சரியானது.

பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் குழந்தை பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். அதை எண்ணி நான் என்னையே நொந்துகொண்ட நாட்கள் உண்டு. ஆனால் ஓட்டமே தொழிலாகக் கொண்டவரோடு என்னை ஒப்பிட்டது எந்த வகையிலும் உதவவில்லை. நெடுந்தூர மலை ஓட்டக்காரரான ஜாஸ்மின் பாரிஸ் எனக்கு வேறு விதத்தில் உதவினார். 2019-இல் பிரிட்டனின் ஸ்பைன் ரேஸ் என்னும் பல நாள் ஓட்டப் போட்டியில், 268 மைல் தூரத்தை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து முதலாவதாக வந்தபோது, தம் கைக்குழந்தைக்காக இடைநிலையங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சியெடுக்க நின்றிருக்கிறார். குழந்தைக்கான நேரம் அவருடைய ஓட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதைப் படித்த பிறகுதான், பால் கொடுத்துவிட்டுக் கிளம்பும் இருபது நிமிடத்தை வீணாகப் போன நேரம் என்று நினைப்பதை விட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன் முழு மாரத்தானை 4 மணி 51 நிமிடத்தில் முடித்தேன். குழந்தைகளுக்கு முன் ஓடியதைவிட இது நாற்பது நிமிடம் அதிகம். அந்த வருத்தம் எனக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

வண்டிக்கு இதுவரை இரண்டு முறை டயரும் ஒரு முறை பிரேக் கம்பியும் மாற்றியிருக்கிறோம். மணல் புகுந்து இறுகிய பெல்ட் கொக்கியை வெந்நீரில் கழுவினால் சரியாகிவிடுகிறது. மூத்தவள் நான்கு வயதில் அதில் ஏற மறுத்துவிட்டு, இப்போது சின்ன சைக்கிளில் என் பக்கத்தில் வருகிறாள். தேங்கிய தண்ணீரைக் கண்டால் நின்றுவிடுவாள், நாங்களும் நிற்போம். தம்பி இன்னும் ஓராண்டாவது உட்காருவான் என்பதால், முன்சக்கரத்துக்குப் போன வாரம் மூன்றாவது டயரை வாங்கி மாட்டினேன்.