பணத்தைக் கேட்டதற்கு நானே மன்னிப்புக் கேட்டேன்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கல்யாணங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் சமைத்துக் கொடுப்பது என் தொழில். கூட்டாளியாக வந்த ஒரு பெண்ணிடம் 14,500 ராண்டைப் பறிகொடுத்தேன். அதைவிடப் பெரிய கேடு, என் நினைவின் மீதே எனக்குச் சந்தேகம் வந்ததுதான். அவர் இப்போது டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸ் பக்கம் வேறொருவருடன் தொழில் பேசுவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதமும் புகழ்ச்சிதான். "அக்கா, உங்கள் கைப்பக்குவம் இந்த ஊரில் யாருக்கும் வராது" என்பார். பிறகு, என் தங்கைக்கு என் மீது பொறாமை என்று அவர் மெல்ல மெல்லச் சொல்லி வந்ததை நம்பி, தங்கைக்குப் போன் செய்வதையே நிறுத்தினேன். மாவு பிசையும் இயந்திரம் வாங்க நான் கொடுத்த பணத்தைத் தீபாவளி ஆர்டர் முடிந்ததும் தருவதாக என் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னவர், கேட்டபோது, "நான் எப்போது சொன்னேன்? அது உங்கள் பங்குதானே? உங்களுக்கு மறதி அதிகமாகிவிட்டது அக்கா, டாக்டரைப் பாருங்கள்" என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவில்தான் நான் விழுந்தேன். இரவில் மூன்று முறை எழுந்துபோய், கேஸ் மூடியிருக்கிறதா என்று குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கும் நிலைக்கு வந்தேன்.

காவடிக்கு முந்தைய நாள், கோயில் மடைப்பள்ளியில் காய் நறுக்கும்போது மறுபடி கேட்டேன். அவர் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டு, விரதநாளில் தன்னை அவமானப்படுத்துவதாகச் சொல்லி அழுதார். சுற்றியிருந்த பெண்கள் என்னை முறைக்க, நான் மன்னிப்புக் கேட்டேன். என் பணத்தைக் கேட்டதற்கு!

முதலில் மறுப்பது, பிறகு கேட்டவரையே தாக்குவது, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவராக மாறிவிடுவது என்னும் இந்த வரிசையை அமெரிக்க உளவியலாளர் ஜெனிபர் ஃபிரெய்டு 1997ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார் என்று பின்னால் அறிந்தபோது, நான் பைத்தியமில்லை என்ற நிம்மதி வந்தது. அந்தப் பெண்ணுக்கு, தன்னையே பெரிதாக எண்ணிப் பிறர் உணர்வை மதிக்காத தற்காதல் ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். நம்மைக் காத்துக்கொள்ள அந்தப் பெயர் தேவையில்லை, நடத்தையே போதும்.

தங்கையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுடன் நேரில் பேசுவதை விட்டு, வாட்ஸ்அப்பில் மட்டும், இரண்டு வரிக்கு மேல் போகாமல், எதற்கும் விளக்கம் தராமல் பதில் எழுதினேன். விளக்கம் சொல்லச் சொல்லத்தான் இப்படிப்பட்டவர்களுக்குப் பிடி கிடைக்கிறது. பிறகு, 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்பினேன். சிறிய தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறுகோரிக்கை நீதிமன்றத்தின் வரம்பு 2019இல் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டதால் என் தொகை அதற்குள் அடங்கியது. அங்கே வக்கீல் யாருக்காகவும் வாதாட முடியாது என்பதால் வக்கீல் செலவும் இல்லை.

நள்ளிரவில் வசைச் செய்திகள் வரத் தொடங்கியபோது அவற்றை அழிக்காமல் வைத்திருந்து, 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பித்தேன். நட்பு, தொழில் உறவுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆணையை மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

செய்திகள் நின்றன. பணம் இரண்டு தவணையாக வந்துவிட்டது. மடைப்பள்ளியில் அன்று முறைத்த பெண்களில் ஒருவர் மட்டும், தன்னிடமும் அவர் 3,000 ராண்டு வாங்கியிருப்பதாகப் போன வாரம் என் வீட்டுக்கு வந்து சொன்னார்.