கரண்ட் வைக்கும் முன் அளந்தார்களா? தேதியோடு கேட்டு வாங்குங்கள்

சித்தப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். ஆபரேஷன் வேண்டாம், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தே பார்க்கலாம் என்றார்கள். மொத்தம் 70 கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு), 35 தடவை, வாரத்துக்கு 5 நாள். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே போடவில்லை; அவருக்கு இன்னும் அங்கேதான் செக்கப்.

பில்லில் ஐ.எம்.ஆர்.டி. என்ற கதிர் சிகிச்சை முறையின் பேக்கேஜுக்குக் கீழே 'பேஷன்ட் கியூ.ஏ.' என்று தனியாக 9,000 ரூபாய் இருந்தது. என்ன அது என்று கவுன்ட்டரில் கேட்டேன். "மெஷின் செக்கிங் சார், எல்லாருக்கும் உண்டு" என்றார்கள். கட்டிவிட்டேன்.

கியூ.ஏ. என்றால் தரச் சோதனை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஐ.எம்.ஆர்.டி.யில் கதிர் ஒரே சீராகப் பாய்வதில்லை. லினாக் என்ற கதிர் பாய்ச்சும் இயந்திரத்தின் வாயில் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்துகொண்டே இருந்து, கட்டிக்கு அதிகமாகவும் முதுகுத்தண்டுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குறைவாகவும் விழும்படி கதிரை வடிவமைக்கின்றன. கணக்குப் போடுவது கம்ப்யூட்டர். இயந்திரம் அந்தக் கணக்குப்படி நடக்கிறதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதல் நாளுக்கு முன்பே, நோயாளி படுக்கும் மேசையில் பேன்டம் என்ற அளவுக்கருவியை வைத்து, அதே பிளானை ஓட்டி அளப்பார்கள். வழக்கமாக, அளக்கும் 100 புள்ளிகளில் குறைந்தது 95 கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். இயந்திரத்தின் டோஸ் (கதிரின் அளவு) 3 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பது இதில் சேராது, அது தனி வேலை.

13 தடவை முடிந்த நிலையில் மெஷின் ரிப்பேர். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனி இன்ஜினியர் கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். "ரிப்பேருக்கு அப்புறம் டோஸ் அளந்தாச்சா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். "அதெல்லாம் ஓகே சார், நீங்க வெளியே இருங்க."

அன்று இரவு இதைப் பற்றித் தேடிப் படித்ததில் தூக்கம் போயிற்று. 1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசா நகரில், பழுதுபார்த்த இயந்திரத்தை, கதிரின் அளவைச் சரிபார்க்கும் இயற்பியலாளர் அளந்து பார்க்காமலே திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். கதிருக்கு எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும், அதைக் காட்டும் மீட்டரின் முள் 36-லேயே நின்றது. முள்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்துவிட்டார்கள். 27 பேர் அளவுக்கு மீறிக் கதிர் வாங்கினார்கள். பலர் இறந்துபோனார்கள்.

மறுநாளே கியூ.ஏ. ரிப்போர்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. அதையும் கடிதத்தில் சேர்த்தேன். மூன்றாம் நாள் ஒரே ஒரு தாள் வந்தது. 97 சதவீதம், பாஸ், கீழே கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். மெஷின் நின்றிருந்த அந்தப் புதன்கிழமை! சித்தப்பாவின் ட்ரீட்மென்ட் கார்டில் அந்த நாலு நாள் கட்டங்களும் காலியாகவே இருக்கின்றன.

மேனேஜர் "டைப்பிங் மிஸ்டேக்" என்றார். இயற்பியலாளர் அப்படிச் சொல்லி மழுப்பவில்லை. "ஒரே மெஷின் சார், ராத்திரி பத்து மணி வரைக்கும் பேஷன்ட். பேன்டம் வைக்க எனக்கு நேரமே விடறதில்ல" என்றார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை, அந்த 9,000 அவர் பைக்குப் போகவில்லை. அன்றிரவே கடைசி நோயாளி போனதும் அளந்தார். 96 சதவீதம் ஒத்துப்போனது. பிளான் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டத்துக்குத்தான் எங்களிடம் பில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. அதற்குள் சித்தப்பா 6 கிலோ இளைத்திருந்தார். தலை அசையாமல் இருக்க முகத்தில் இறுக்கமாக உட்கார வேண்டிய மாஸ்க்குக்குள் என் விரல் தாராளமாகப் போனது. கதிரின் அளவு சரியாக இருந்தாலும் மாஸ்க் தளர்ந்தால் அது விழும் இடம் மாறிவிடும். நாங்களாகக் காட்டிய பிறகுதான் புது மாஸ்க் போட்டு மறுபடி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். விட்டுப்போன நாலு நாளையும் கடைசியில் சேர்த்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். தொண்டைப் புற்றில் மொத்த நாள் நீள்வது நல்லதல்ல என்று டாக்டரிடமே பேசிய பிறகு, சில நாட்களில் 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்து ஈடுகட்டினார்கள்.

வீட்டில் யாருக்காவது ஐ.எம்.ஆர்.டி. தொடங்கப்போகிறார்கள் என்றால், முதல் தடவைக்கு முன்பே கியூ.ஏ. தாளைக் கேளுங்கள். பெயர், நம்பர், தேதி மூன்றையும் பாருங்கள். ட்ரீட்மென்ட் கார்டை வாராவாரம் போட்டோ எடுத்து வையுங்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் லினாக்கை ஓட்ட முடியாது. கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரும் இருந்தே ஆக வேண்டும். அவர் யார் என்று கேட்டாலே பேச்சின் தொனி மாறுவதை நான் பார்த்தேன்.

வாரியத்துக்கு எழுதப்போகிறேன் என்றதும் 9,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். ரசீதில் எழுதியிருந்த காரணம்: 'டிஸ்கவுன்ட்'.