நாகர்கோவில் பக்கம் கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் கவனத்துக்கு: 'உங்க பேக்ஸ்விங் ஃப்ளாட் சார்' என்று ஆரம்பித்தால் பர்ஸை மூடிவிடுங்கள்

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர்கள் என்று குமரி மாவட்டத்தில் கோல்ஃப் ஆடுகிற ஆட்கள் கொஞ்சம் இருக்கிறோம். புல்தரையில் ஆட ஆசை வந்தால் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கும் ஒன்பது குழி மைதானத்துக்கு, அதுவும் உறுப்பினர் யாராவது கூட்டிப்போனால்தான். மற்ற நாளெல்லாம் நெட்டுக்குள் அடித்துக் கையைப் பழக்க வேண்டியதுதான். நம்முடைய இந்த நிலைமையை வைத்துத்தான் கோல்ஃப் சொல்லித்தருகிற ஒருவர் காசு பார்க்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போகலாம். அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கே அடையாளம் தெரியும்.

ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் சிமென்ட் தளம் போட்டு, மேலே மெல்லிசாக ஒரு பச்சை விரிப்பு, நாலு மீட்டர் தள்ளி ஒரு வலை. முதல் நாள் அன்பாகப் பேசினார். செல்போனில் நம்மைப் படம் எடுத்து, அதன் மேல் சிவப்புக் கோடு கிழித்து, "பாருங்க சார், கை தோளுக்கு மேலயே போகலை. ரொம்ப ஃப்ளாட். இதை வச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்க ஹூக்தான் அடிப்பீங்க" என்றார். பேக்ஸ்விங் என்றால் அடிக்கும் முன் கிளப்பைப் பின்னால் கொண்டுபோவது, ஹூக் என்றால் பந்து கடுமையாக இடப்பக்கம் வளைந்து போவது. திருத்துவதற்கு 18,000 ரூபாய் முன்பணம். கொஞ்ச நாள் கழித்து, நிமிர்ந்த ஸ்விங்குக்கு இந்த கிளப் (பந்தடிக்கும் மட்டை) ஒத்துவராது என்று சொல்லி, 'உங்களுக்காகவே வளைத்தது' என்ற பெயரில் பழைய அயர்ன் செட் (உலோகத் தலை வைத்த கிளப்கள்) ஒன்று, 26,000 ரூபாய். எதற்கும் பில் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேக்ஸ்விங் ஃப்ளாட்டாக இருப்பது குற்றமே இல்லை. கோடாலியைத் தூக்குவது போல கை தலைக்கு மேலே போனால் அது அப்ரைட். இடுப்பும் தோளும் திரும்பும்போது கையும் கூடவே உடம்பைச் சுற்றிப் பின்னால் போய், மேல்நிலையில் இடது கை ஏறக்குறைய தோள்களின் சரிவிலேயே கிடந்தால் அது ஃப்ளாட். இரண்டு விதத்திலும் பெரிய ஆட்டக்காரர்கள் உண்டு. 1953இல் ஒரே ஆண்டில் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன், பிரிட்டிஷ் ஓபன் என்ற மூன்று பெரிய போட்டிகளையும் ஜெயித்த பென் ஹோகனின் ஸ்விங் ஃப்ளாட்தான். ஹூக் அவரையும் பல வருடம் படுத்தியது. அதற்காக அவர் ஸ்விங்கை நிமிர்த்தவில்லை. பிடியைத்தான் மாற்றினார், இடது கையைக் கிளப்பின் மேல் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி வைத்தார். குள்ளமானவர்களுக்குத்தான் ஃப்ளாட் என்று சொல்வதும் பாதி உண்மைதான். மேட் கூச்சர் 6 அடி 4 அங்குலம், அவருடைய ஸ்விங்கோ ஹோகனையும் மிஞ்சும் அளவுக்குத் தட்டை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். எதிர்ப்பக்கம் ஜிம் ஃபியூரிக். கையைச் செங்குத்தாகத் தூக்கி, இறங்கும்போது ஒரு வளையம் போட்டு ஃப்ளாட்டாக்கிக்கொண்டு வருவார். பார்க்க விநோதமாக இருக்கும். 2003 யுஎஸ் ஓபன் அவருக்குத்தான், 2016இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் முதன்முதலாக ஒரு சுற்றை 58 அடியில் முடித்ததும் அவர்தான். பந்துக்கு எந்தத் தத்துவமும் தெரியாது. அடிபடும் நேரத்தில் கிளப் முகம் எங்கே பார்க்கிறது, கிளப் எந்தத் திசையில் போகிறது, அவ்வளவுதான் அதற்குக் கணக்கு.

ஃப்ளாட் ஸ்விங்குக்குச் சிக்கல் இல்லாமல் இல்லை. கிளப் தாழ்வாக, உள்பக்கத்தில் இருந்து வருவதால் தூரம் அடிக்கிற டிரைவர் கிளப்புக்கு அருமையாக இருக்கும். அடர்ந்த புல்லுக்குள் பந்து கிடந்தால் அதே வருகை இடைஞ்சல், செங்குத்தாக இறங்குகிறவர்களுக்கு அங்கே சுலபம். அப்புறம், உடம்பு கடைசிவரை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இடுப்பு நின்றுவிட்டால் மணிக்கட்டு முந்திக்கொள்ளும், பந்து இடப்பக்கம் சுருண்டு ஓடும். ஆக, ஹூக் அடிக்கிறவனுக்குப் பிடியையும் இடுப்பையும் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். இவர் இரண்டையும் தொடவே இல்லை, கையை உயர்த்து உயர்த்து என்பது மட்டும்தான் பாடம்.

இதில் வலையின் பங்கு முக்கியம். நாலு மீட்டரில் பந்து வலையில் விழுந்துவிட்டால் அது வளைந்ததா, நேராகப் போனதா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு இருந்தது லேசாக இடப்பக்கம் வளைகிற டிரா, பஹ்ரைன் மணல் மைதானத்தில் அதை வைத்துத்தான் பல வருடம் ஆடினேன். அதை ஹூக் என்று அவர் சொன்னார், மறுத்துக் காட்ட அங்கே வழி இல்லை.

படம் எடுத்ததிலும் கைவரிசை உண்டு. பின்னால் இருந்து எடுக்கும்போது போனை நம் கைகளுக்கு நேர் பின்னால், கை உயரத்தில், இலக்கைப் பார்த்து வைக்க வேண்டும். பந்து இருக்கும் பக்கமாக நகர்த்தி வைத்தால் அதே ஸ்விங் இன்னும் ஃப்ளாட்டாகத் தெரியும். குதிகால் பக்கமாக நகர்த்தினால் நிமிர்ந்து தெரியும். வீட்டில் என் மகன் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். 'முன்பு' படத்தில் தென்னை மரம் என் வலப்பக்கம் நிற்கிறது, 'பின்பு' படத்தில் அதே மரம் தலைக்குப் பின்னால். முன்னேற்றத்தில் பாதி போன் நகர்ந்ததால் வந்தது.

மீதிப் பாதி முழங்கையில் வந்தது. கையைத் தூக்கிச் செங்குத்தாக இறக்கினால் கிளப் தரையைக் குத்தும். புல்தரை என்றால் மண் பெயரும், அடியில் சிமென்ட் என்றால் அதிர்ச்சி முழுக்க முழங்கையின் உள்பக்கத்துக்கு ஏறும். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்.

வலி குறைந்ததும் அவர் விற்ற அந்த அயர்ன் செட்டைக் கவடியாருக்கு எடுத்துப் போனேன். பந்தெல்லாம் இடப்பக்கம். கூட வந்த மார்த்தாண்டத்துக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, கை எங்க போவுதுன்னு அப்புறம் பாக்கலாம், மொதல்ல அந்தக் கம்பிக்கு அடியப் பாத்தியளா?" என்றார். கிளப்பின் அடிப்பாகத்தில் தேய்மானம் முழுக்கக் குதிப்பக்கம், தண்டு வந்து சேரும் முனையில். அதாவது தண்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம் எனக்கு அதிகம், குதி தரையில் ஊன்றி, நுனி தூக்கி நிற்கிறது. அப்படி இருந்தால் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம்தான் போகும். ஐந்தடி நாலு அங்குல ஆளுக்குப் பொதுவாகத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிர். யாரோ ஒரு நெட்டைக்காரருக்கு வளைத்த செட்டை என் தலையில் கட்டியிருக்கிறார்.

வாங்கும் முன் இதை நீங்களே பார்க்கலாம். பந்தில் மார்க்கர் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக இருந்தால் கோணம் சரி. சாய்ந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். விற்பவர் சோதிக்க விடவில்லை என்றால் காரணம் கேட்கவே தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க வீட்ல பயிற்சி பண்ணலை சார், அதான்" என்றார். அதன்பின் போன் எடுப்பதில்லை. பில் இல்லை, ஆனால் பணம் யுபிஐயில் போனது, வாட்ஸ்அப்பில் 'செட் தொகை வந்துவிட்டது' என்று அவரே எழுதியிருக்கிறார். நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அலைய முடியாதவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். இதே தோப்பில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், உங்கள் 'முன்பு', 'பின்பு' படங்களை அழிக்காமல் வைத்திருங்கள்.