ஆறு வருட ஆர்ஓ தண்ணீர்: மீட்டர் காட்டாத விஷயம்

போன வாரம் எங்கள் வீட்டு ஆர்ஓ மிஷினுக்கு இரண்டாவது முறையாக மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, மாற்றியாச்சு. அதே வாரம், புது வீட்டுக்குக் குடிபோன தோழி ஒருத்தி "எந்த ஆர்ஓ வாங்கலாம், சொல்லுடி" என்று கேட்டாள். எத்தனை ஃபில்டர், எத்தனை லிட்டர் டேங்க் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, ஆறு வருடம் வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் மிஷின் மேல் அநியாயமாகப் பழி போட மாட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட ஒழுகவில்லை. மோட்டார் இன்னும் முதல் நாள் போலவே மெல்லிய சத்தத்தோடு ஓடுகிறது. கூப்பிட்டால் மறுநாள் ஆள் வந்துவிடுகிறார். குளோரின் வாடை இல்லை, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு இல்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யும் பொருள் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் எரிச்சல் முழுக்க அந்தச் சின்ன டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) மீட்டர் மேல்தான். மெம்பிரேன் மாற்ற வந்த தம்பி ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மீட்டரை முக்கினார். 242. அடுத்த டம்ளரில் மிஷின் தண்ணீர். 14. இரண்டையும் என் பக்கம் திருப்பிக் காட்டி, "இதையாக்கா குடிப்பீங்க?" என்றார். 242-ல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எல்லா அழுக்கும்தான்க்கா." அப்புறம் 14 என்றால் தண்ணீர் சப்பென்று இருக்கும் என்று சொல்லி, பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்க்ரூவைத் திருகினார். மீட்டர் 70-க்கு ஏறியது. "இப்ப சரியா இருக்கும்."

அந்த ஸ்க்ரூ என்ன செய்கிறது தெரியுமா? மெம்பிரேனுக்குள் போகாத குழாய்த் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் "இதையா குடிப்பீங்க" என்று கேட்ட அதே தண்ணீர். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் முதல் நாலு வருடம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதே காட்சியைப் பார்த்து மீட்டரின் எண்ணை மட்டுமே நம்பியிருந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் கணக்காகச் சொல்கிறது. நல்ல தண்ணீரில் அந்த உப்புகளில் பெரும்பகுதி கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், சோடியம் மாதிரியானவை. லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை இருந்தால் பொதுவாக ருசி நன்றாகவே இருக்கும், 1000-க்கு மேல் போகப் போகத்தான் குடிக்கப் பிடிக்காது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் ருசிக்கான கணக்குதான். உடம்புக்கு என்று டிடிஎஸ்ஸுக்கு அவர்கள் தனியாக வரம்பு எதுவும் வைக்கவில்லை.

பாக்டீரியா அந்த மீட்டருக்குத் தெரியாது. ஈயமும் தெரியாது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டர் எண்ணுவதோ ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு மில்லிகிராமில். அந்த அளவைப் போல இருபது மடங்கு ஈயம் இருந்தாலும் திரையில் ஓர் எண்கூட மாறாது. அமெரிக்காவில் ஃப்ளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதை மருத்துவர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஈயத்தை இப்படி ஒரு பேனா மீட்டரால் பிடித்திருக்கவே முடியாது.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளுக்கு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. பத்து நாள் கழித்து மறுபடியும். டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். "ஆர்ஓதான் டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். டிடிஎஸ் எண்ணையும் சேர்த்துச் சொன்னதாக ஞாபகம். எதற்கும் ஒருமுறை சோதித்துவிடுங்கள் என்றார் அவர்.

லேபில் மூன்று சின்னப் பாட்டில் கொடுத்தார்கள். அடியில் துளி வெள்ளைப் பொடி இருந்தது. ஏதோ தூசி என்று கழுவப் போனேன். "அதைக் கழுவிடாதீங்க" என்று தடுத்தார் அங்கிருந்த பெண். தண்ணீரில் குளோரின் இருந்தால் லேபுக்கு வரும் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும், அப்படி நடக்காமல் தடுக்கத்தான் அந்தப் பொடி என்று விளக்கினார். குழாய் வாயைத் தீயில் காட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டி வைத்து அன்றைக்கே கொண்டு வரச் சொன்னார். மூன்று இடத்தில் பிடித்தேன். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் முதல் குழாய், மாடித் தொட்டியிலிருந்து வரும் சமையலறைக் குழாய், ஆர்ஓ மிஷின்.

முதல் குழாயில் கோலிஃபார்ம் (தண்ணீரில் அழுக்கு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா வகை) இல்லை. குளோரினும் இருந்தது. சமையலறைக் குழாயில் குளோரின் சுத்தமாக இல்லை, ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம்) இருந்தது. மிஷின் தண்ணீரில் ஈ.கோலை இல்லை, ஆனால் கோலிஃபார்ம் இருந்தது.

அந்தத் தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மூன்றில் சுத்தமான தண்ணீர், நான் நம்பாத குழாயில் வந்ததுதான். ஊருக்கே வரும் தண்ணீரைச் சுத்தப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். கெடுத்தது நாங்கள்.

மாடிக்குப் போய்த் தொட்டியைத் திறந்தேன். மூடியில் கை நுழையும் அளவுக்கு விரிசல். டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் மூன்று விரல் கனத்துக்குச் சேறு, அதன் மேல் ஒரு சின்ன இறகு. கடைசியாக எப்போது கழுவினோம் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குளோரின் வெறும் தண்ணீரிலேயே நேரம் போகப் போகக் குறையும். வெயிலும் சேறும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே இருந்து விழுந்த எதையும் கொல்ல அங்கே மிச்சம் ஒன்றும் இல்லை.

மிஷினுக்குள் நடந்தது வேறு. மெம்பிரேன் செய்யும் பாலிஅமைடுக்குக் குளோரின் ஆகாது, அரித்துவிடும். அதனால் அதற்கு முன்னாலேயே கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுகிறது. மெம்பிரேன் கிருமியைத் தடுக்கும், யுவி விளக்கு கொல்லும், எல்லாம் உண்மைதான். ஆனால் என் மிஷினில் இத்தனையும் தாண்டிய பிறகு தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் டேங்கில் போய் உட்காருகிறது. பாதுகாப்புக்குத் துளி குளோரின்கூட இல்லாமல், சில நாள் இரண்டு நாள் வரைக்கும். டேங்கைக் கழற்றி உள்சுவரை விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரல் வழுக்கியது. மீட்டர் அந்தத் தண்ணீருக்கும் வழக்கமான எண்ணைத்தான் காட்டியிருக்கும். அதுவரை சர்வீஸுக்கு வந்த யாரும் அந்த டேங்கைத் திறந்ததில்லை, திறக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

மகளுக்கு வந்தது தண்ணீரால்தானா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பள்ளியிலிருந்தும் வந்திருக்கலாம். அதனால் மிஷின்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த லேப் பெண் சொல்லித்தான் டிபிடி மாத்திரையைப் பற்றித் தெரிந்தது. சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து மாத்திரையை நசுக்கிப் போட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு நிறம் வரும். கூடவே வரும் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும், ஒரு நிமிடத்துக்குள். வீட்டை அடையும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. (சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.) முதல் குழாயில் பிடித்து, அந்த நிறம் மெதுவாகப் பரவியதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! எங்கோ சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்த குளோரின், மண்ணுக்கடியில் அத்தனை தூரம் குழாயில் வந்து, வழியில் எது புகுந்தாலும் சமாளித்துவிட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அந்த நிறம் சொல்கிறது. இந்த ஆறு வருடத்தில் தண்ணீருக்காக நான் வாங்கியவற்றிலேயே உருப்படியான பொருள் இதுதான்.

தொட்டியைக் காலி செய்து, சேற்றை வாரி, தேய்த்து, வாசனை சேர்க்காத பிளீச் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டு வடித்தோம். புது மூடி போட்டோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் முதல் குழாயிலிருந்து தனி லைன் இழுத்தோம். மறுபடி லேபுக்குப் போனது இரண்டு பாட்டில். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

கழிவுத் தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. ஒருநாள் வாளி வைத்து அளந்தேன். ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே போகிறது. வீடு துடைக்கப் பிடித்து வைக்கிறோம், ஆனாலும் முக்கால்வாசி நாள் வாளி நிரம்பி வழிந்து வீணாகத்தான் போகிறது. நடைமுறைக்கு உதவும் ஆர்ஓ மெம்பிரேனை 1950களின் கடைசியில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் கலிபோர்னியாவில் உருவாக்கியதே கடல் நீரைக் குடிநீராக்கத்தான். 1965-ல் கோலிங்கா என்ற ஊரில் உவர் நீருக்கு முதலில் பயன்பட்டது. அவ்வளவு பெரிய வேலைக்குப் பிறந்ததை வைத்து 242-ஐ 14 ஆக்கி, ஸ்க்ரூவைத் திருகித் திரும்ப 70 ஆக்கிக் கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஆர்ஓ தேவைப்படும் வீடுகள் நிஜமாகவே உண்டு. தண்ணீரில் ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் அளவுக்கு மேல் இருந்தால் கொதிக்க வைத்துப் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். அங்கே இந்த மிஷின் ஒரு வரம். குளோரினும் எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகக் கிரிப்டோஸ்போரிடியம் பரவி ஏறக்குறைய 4 லட்சம் பேர் நோய்ப்பட்டார்கள். அந்தக் கிருமி குளோரினுக்கு அசையாது. கொதிக்க வைத்தால் சாகும், தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். எங்கள் தெருவிலும் போன மழைக்காலத்தில் பள்ளம் தோண்டியபோது இரண்டு நாள் செந்நிறமாகத் தண்ணீர் வந்தது. மாத்திரை போட்டால் நிறமே ஏறவில்லை. அந்த இரண்டு நாளும் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். அதையும் மாத்திரைதான் சொன்னது.

இவ்வளவும் எழுதிவிட்டு என் தீர்ப்பைக் கேட்டால், மிஷின் நல்ல மிஷின், மறுபடி வாங்க மாட்டேன். புது மெம்பிரேனை ஏன் போட்டாய் என்று என் கணவரும் கேட்டார். அம்மா இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள், குழாய்த் தண்ணீரை எத்தனை லேப் தாள் காட்டினாலும் தொட மாட்டாள். அவளுக்காக மாதம் ஒருமுறை டேங்கைக் கழற்றிக் கழுவுகிறேன்.

தோழிக்கு இன்னும் எந்த மாடலையும் சொல்லவில்லை. முதலில் மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து பாருடி, அப்புறம் மூன்று பாட்டில் தண்ணீரை லேபில் கொடு, உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல், தாள் வந்ததும் பேசலாம் என்று அனுப்பியிருக்கிறேன். தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள். அவள் வீட்டுத் தொட்டிக்கு மூடியே இல்லை.