ரைசன் 7 5800எக்ஸ்: மைக்குக்குப் பக்கத்தில் ஓர் ஓவர்கிளாக்

ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது ஆலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட நினைப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தைக் கையால் எழுதி வைக்கும் பழைய முறை இந்தப் பிராசசருக்கு ஒத்துவராது. கோர்களின் வோல்டேஜைக் குறைத்து வைக்கும் கர்வ் ஆப்டிமைசர் ஒத்துவருகிறது. கூடவே மின் அளவையும் கொஞ்சம் குறைத்து வைத்தால் மிக அருமையாக ஒத்துவருகிறது. பி550 சிப்செட் கொண்ட ஒரு நடுத்தர மதர்போர்டில் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டு, இரண்டாவது வழியிலேயே மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

என் வேலை என்ன என்று தெரிந்தால்தான் இந்த மதிப்பீடு உங்களுக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும். குரல் பதிவும் ஒலிக் கலவையும் என் தொழில். மைக் இருக்கும் அதே மேசைக்கு அடியில்தான் கணினியும் இருக்கிறது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற 48 கிலோஹெர்ட்ஸில், ஒரு தடவைக்கு 128 சாம்பிள் என்று பஃபர் வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லிசெகண்டுக்குள்ளும் பிராசசர் தன் கணக்கை முடித்துக் கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை தாமதித்தாலும் காதில் 'டிக்' என்று விழும். தனித்தனித் தடங்களை வெவ்வேறு கோர்கள் பகிர்ந்துகொள்ளும். ஆனால் மாஸ்டர் தடத்தில் வரிசையாக அடுக்கிய பிளக்இன்களில் (ஒலியை மெருகேற்றும் சிறு மென்பொருள்கள்), முன்னது முடிந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அந்தச் சங்கிலி முழுவதும் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. ஆகவே எனக்கு வேண்டியவை இரண்டு: ஒற்றைக் கோரின் வேகம், ஃபேனின் அமைதி. எட்டுக் கோரும் சேர்ந்து பெஞ்ச்மார்க்கில் எவ்வளவு எடுக்கின்றன என்பது அதற்கு அப்புறம்தான்.

இந்தச் சிப் 2020 நவம்பரில் வந்தது. 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). அடிப்படை வேகம் 3.8 ஜிகாஹெர்ட்ஸ், பூஸ்ட், அதாவது சிப் தானாக ஏறும் வேகம், 4.7 என்பது அறிவிப்பு. இடம் கொடுத்தால் ஓரிரு கோர்கள் தாமாகவே 4.85 வரை ஏறிவிடும். கூலருக்கான வெப்பக் கணக்கான டிடிபி 105 வாட் என்றாலும், சாக்கெட்டுக்குள் போகும் மின்சாரத்தின் உச்சவரம்பான பிபிடி 142 வாட். எட்டுக் கோரும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் துண்டு ஒன்றுக்குள் நெருக்கி அமர்ந்திருப்பதால், அத்தனை வெப்பமும் ஒரு சின்ன இடத்திலிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் அந்தத் துண்டைத் தாண்டி வெப்பம் மேலே வரும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. உச்ச வெப்பநிலை 90 டிகிரி. பெட்டிக்குள் கூலர் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது நல்லதாகவே வாங்குங்கள். பின்னால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

பழைய முறை எளிது. பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெருக்கும் எண்ணை 46 என்று வைத்தால் எல்லாக் கோரும் 4.6 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும். அதற்குத் தேவையான வோல்டேஜையும் நாமே எழுதுகிறோம். ரெண்டரிங் போல எட்டுக் கோரையும் ஒருசேர வாட்டும் வேலையில் இதனால் கொஞ்சம் லாபம் இருக்கிறது. ஆனால் பெருக்கியைத் தொட்ட கணமே சிப்பின் சொந்த பூஸ்ட் நின்றுவிடுகிறது. தானாக 4.85 போயிருக்கக்கூடிய கோர் 4.6-லேயே நிற்கும். என் மாஸ்டர் தடத்துக்கு இது முன்னேற்றமே அல்ல, பின்னடைவு. கேமிங்கிலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு த்ரெட்கள்தான் பாரம் சுமக்கின்றன என்பதால் அங்கும் இதே கதைதான்.

வோல்டேஜ் பற்றி ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். அதே வேகத்தில் 1.35 வோல்ட்டை 1.25 ஆக்க முடிந்தால் சுமார் 14 சதவீதம் மின்சாரம் மிச்சம். வெப்பமும் அந்த அளவுக்குக் குறைகிறது, ஃபேனும் அந்த அளவுக்கு அடங்குகிறது. ஓவர்கிளாக் என்றாலே வோல்டேஜை ஏற்றுவது என்ற பழக்கத்தை இந்தத் தலைமுறைச் சிப்களிடம் விட்டுவிட வேண்டும். குறைத்தால்தான் வேகம் கூடுகிறது.

அது எப்படி? 5800எக்ஸ் தன் வெப்பநிலை, மின்சாரம், ஆம்பியர் மூன்றையும் ஓயாமல் பார்த்துக்கொண்டே, எந்த வரம்பும் இடிக்காத வரை வேகத்தை ஏற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று ஆலையிலேயே ஒரு வளைவு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதில் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தாராளம் உண்டு. கர்வ் ஆப்டிமைசர் அந்த வளைவைக் கீழே இறக்குகிறது. மைனஸ் 30 வரை போகலாம். ஒவ்வொரு படியும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். அப்படி மிச்சமான மின்சாரத்தையும் வெப்ப இடைவெளியையும் சிப் தானே வேகமாக மாற்றிக்கொள்கிறது. எட்டுக் கோருக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஒரே துண்டில் பிறந்த கோர்களானாலும் எட்டும் எட்டு குணம். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரக் குறி போட்ட சிறந்த கோர்கள் ஏற்கெனவே உச்ச வேகத்துக்கு ஓடுபவை; அவற்றிடம் பிடித்தம் செய்ய அதிகம் இருக்காது. மற்றவை தாராளமாக விட்டுக்கொடுக்கும். என் சிப்பில் சிறந்த இரண்டு கோர்கள் மைனஸ் 8-லும் 10-லும் நிற்கின்றன, மற்ற ஆறும் மைனஸ் 20-ஐத் தாண்டி. உங்கள் சிப்பில் இந்த எண்கள் வேறாகத்தான் இருக்கும். அடுத்தவர் எண்ணை அப்படியே எழுதி வைக்காதீர்கள்.

இப்போது மதர்போர்டின் மேல் எனக்கிருக்கும் வருத்தத்துக்கு வருகிறேன். சிப்பின் மின் வரம்புகளையும் கர்வ் ஆப்டிமைசரையும் அடக்கிய பிபிஓ என்னும் அமைப்பு என் பயாஸில் இரண்டு இடங்களில் இருக்கிறது. பலகை தயாரித்தவர்களின் சொந்த ஓவர்கிளாக் பக்கத்தில் ஒன்று. மூன்று மெனுக்களுக்கு உள்ளே, 'ஏஎம்டி ஓவர்கிளாக்கிங்' என்ற தலைப்பில், எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் மட்டும் திறக்கும் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றில் போட்ட எண் மற்றதில் தெரிவதில்லை. எது வெல்லும் என்று எங்கும் எழுதியும் வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்குபவர் இதைத் தேடிக் களைப்பது நியாயமே இல்லை. நான் ஏஎம்டி பக்கத்தை மட்டும் பயன்படுத்துகிறேன், மற்றதை 'ஆட்டோ'விலேயே விட்டிருக்கிறேன்.

இதைவிட மோசம், முதல் பக்கத்திலேயே பெரிதாக நிற்கும் ஒற்றைச் சொடுக்கு ஓவர்கிளாக் பொத்தான். என் பலகையில் அது எல்லாக் கோருக்கும் ஒரே பெருக்கியை வைத்து, சுமையின் நடுவே 1.4 வோல்ட் தள்ளியது. ஒரே கோர் ஓடும்போது ஆலை அமைப்பிலேயே வோல்டேஜ் 1.45-ஐத் தாண்டுவது உண்டு; அப்போது ஆம்பியர் குறைவு, பயமில்லை. எட்டுக் கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது அந்த உயரத்தில் நிற்பது வேறு விஷயம். வெப்பமும் ஆம்பியரும் சேர்ந்து சிலிக்கானைத் தேய்க்கும். இன்று நிலையாக ஓடும் வேகத்துக்கே நாளைக்கு அதிக வோல்டேஜ் கேட்க ஆரம்பிக்கும். புதிதாகத் தொடங்குபவர் முதலில் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான் என்பதால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அதேபோல பிபிஓ வரம்பில் 'மதர்போர்டு' என்ற தேர்வையும் தவிர்த்துவிடுங்கள். பலகை தாங்கும் அளவைத்தான் அது எடுத்துக்கொள்ளும், உங்கள் கூலர் தாங்கும் அளவை அல்ல. 'மேனுவல்' என்று வைத்து எண்களை நீங்களே எழுதுங்கள்.

நான் எழுதியது பிபிடி 110 வாட். ஆலை அளவான 142-ஐவிடக் குறைவுதான். ஆனால் கர்வ் ஆப்டிமைசரோடு சேரும்போது சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் எட்டுக் கோர் மதிப்பெண் ஆலை அமைப்பில் வந்த 15,000-ஐ ஒட்டியே நிற்கிறது. வெப்பநிலை மட்டும் எண்பதுகளின் நடுவிலிருந்து எழுபதை ஒட்டி இறங்கிவிட்டது. ஒற்றைக் கோர் வேலை இந்த வரம்பை நெருங்குவதே இல்லை, அதனால் அங்கு எந்த இழப்பும் கிடையாது. பூஸ்டின் உச்சத்தை உயர்த்தும் பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டலாம். நான் 100 கூட்டியிருக்கிறேன். மாஸ்டர் தடத்தைச் சுமக்கும் கோர் 4.9-ஐத் தாண்டிப் போய்வருகிறது. முன்பு 256 சாம்பிளில் வைத்திருந்த கனமான கலவைகளை இப்போது 128-இல் டிக் இல்லாமல் ஓட்டுகிறேன். பாடுபவர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடும்போது அந்த வித்தியாசம் அவர் பாட்டிலேயே தெரிகிறது.

நிலைத்தன்மைச் சோதனையைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். கர்வ் ஆப்டிமைசரில் எண் அதிகமாகிவிட்டால் கணினி முழுச் சுமையில் விழாது. பிராசசரை வாட்டும் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை இரவு முழுக்க எல்லாக் கோரிலும் ஓட்டினாலும் அசையாது. விடிந்து, ஒரு பாட்டை நிறுத்திவிட்டு மெனுவைத் திறக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும். காரணம், முழுச் சுமையில் வேகம் இறங்கி, வளைவின் நடுப்பகுதியில்தான் கோர்கள் நிற்கின்றன. ஒரு கோர் மட்டும் எழுந்து உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது. ஆகவே ஒவ்வொரு கோரையும் தனியாக ஓட்டிச் சோதிக்க வேண்டும். கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட் இதற்கென்றே இருக்கிறது. பிரைம்95-ஐ ஒரு கோரில் கொஞ்ச நேரம், அடுத்ததில் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி ஓட்டும். அதையும் மீறி ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவண்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். டபிள்யூஎச்இஏ லாகர், எண் 18 என்று ஒரு பதிவு இருக்கும். அதற்குள் 'பிராசசர் ஏபிக் ஐடி' என்று ஓர் எண். 5800எக்ஸில் அதை இரண்டால் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் தவறிய கோர் எது என்று தெரிந்துவிடும். 10 என்றாலும் 11 என்றாலும் ஐந்தாவது கோர், எண்ணிக்கை சுழியிலிருந்து. அந்தக் கோருக்கு மட்டும் மூன்று நான்கு படி திருப்பிக் கொடுத்தால் போதும், மற்றவற்றைத் தொட வேண்டாம். பதிவுக்கூடத்தில் ஆள் நிற்கும்போது ரீஸ்டார்ட் ஆகும் கணினியால் யாருக்கும் பயனில்லை என்பதால், சோதனையில் தாண்டிய எண்ணிலிருந்தும் எல்லாக் கோருக்கும் இரண்டு படி பின்வாங்கி வைத்திருக்கிறேன்.

சுமை ஏறும்போது வோல்டேஜ் சரிவதைக் கட்டுப்படுத்தும் லோட்லைன் கேலிப்ரேஷனைத் தொடவில்லை. அதை இறுக்கினால் கர்வ் ஆப்டிமைசரின் எண்களெல்லாம் பொருள் மாறிவிடும், சோதனையை மறுபடி ஆதியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபேன் பக்கத்தில் இந்தப் பலகைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். இந்தச் சிப்பின் வெப்பநிலை ஒரு சின்ன வேலைக்கே நொடியில் 10, 15 டிகிரி தாவி இறங்கும். சாதாரண அமைப்பில் ஃபேனும் கூடவே ஊளையிட்டு அடங்கும். மைக்கில் ஒரே சீரான இரைச்சலை வடிகட்டிவிடலாம், ஏறி இறங்கும் சத்தத்தை வடிகட்டவே முடியாது. இங்கே ஃபேன் வேகம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தாமதம் வைக்க முடிகிறது. இரண்டு மூன்று நொடி தாமதம் கொடுத்து, 70 டிகிரி வரை கோட்டைத் தட்டையாக இழுத்துவிட்டேன். பதிவு நடக்கும்போது கணினி எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. ஓவர்கிளாக் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தை ஏன் கண்டுகொள்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மெமரி சுருக்கமாக: டிடிஆர்4-3600, மெமரியை அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினேன், சிப்பின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸில் மெமரியோடு ஒன்றுக்கொன்றாகப் பொருந்திக்கொண்டது. வேலை முடிந்தது.

பலகை வாங்கப் போகிறவர்களுக்கு: ஏ520, ஏ320 சிப்செட்டுகளில் ஓவர்கிளாக்குக்கு இடமில்லை, பி550, எக்ஸ்570, பி450 எல்லாவற்றிலும் உண்டு. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யின் பெருக்கி பூட்டப்பட்டது, அதை இதே மாதிரிச் சிப் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பிபிஓ என்பது ஏஎம்டி-யே கொடுத்த அம்சமானாலும், அதனால் சேதம் வந்தால் வாரண்டி கிடையாது என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த எச்சரிக்கைப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

பயாஸைப் புதுப்பிக்கும் முன் இன்னொரு விஷயம். புதுப்பித்தால் எல்லா அமைப்பும் ஆலை நிலைக்குத் திரும்பும். சேமித்து வைத்த ப்ரொஃபைலையும் புதிய பதிப்பு பல நேரம் ஏற்பதில்லை. எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவைச் செருகி ஒவ்வொரு பக்கத்திலும் எஃப்12 அழுத்தினால் பெரும்பாலான பலகைகளில் திரை படமாகச் சேமிக்கப்படும். எட்டுக் கோரின் எண்கள், பிபிடி, ஃபேன் கோடு மூன்றையும் அப்படி எடுத்து வைத்துவிட்டுப் புதுப்பியுங்கள். புதுப்பித்ததும் கோர்சைக்ளரை மறுபடி ஒரு சுற்று ஓட்டுங்கள். பழைய பதிப்பில் நின்ற எண் புதியதிலும் நிற்கும் என்று உறுதியில்லை.