தபால் கவுண்டரா, ஆப் பிக்கப்பா, லாரி பார்சலா: எடைக் கணக்கில் எது நமக்குக் கட்டுப்படி?

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சுடிதார் மொத்தமாக எடுத்து வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் விற்கிறவர்கள், கிலோவுக்கு எங்கே ரேட் குறைவு என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பார்சலின் எடையையும் அளவையும் யார் முடிவு செய்கிறார்கள், எப்போது? பணம் கரைவது அந்த இடத்தில்தான்.

தபால் நிலையத்தில் இதில் குழப்பமே இல்லை. ஊழியர் நம் கண்ணெதிரே தராசில் வைக்கிறார், ரசீதில் எடை அச்சாகிறது, காசைக் கட்டினால் கணக்கு முடிந்தது. ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோ வரை அனுப்பலாம். வரிசையில் நிற்கிற நேரம்தான் செலவு. வாரத்துக்கு நாலைந்து பார்சல் போடுகிறவருக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆப்பில் புக் செய்து வீட்டு வாசலிலேயே பிக்கப் கொடுப்பது வசதிதான். ஆனால் அங்கே எடையையும் நீள அகல உயரத்தையும் நாமே அடிக்கிறோம். அதைச் சரிபார்க்கிறது ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரிக்கிற மையத்தில், இருக்கிற மெஷின், அதுவும் பார்சல் நம் கையைவிட்டுப் போன பிறகு. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். பல கம்பெனிகளில் இதுதான் கணக்கு.

45 × 35 × 25 அட்டைப்பெட்டியில் 5 கிலோ சுடிதார் வைக்கிறோம் என்று வையுங்கள். கணக்குப்படி 7.875 கிலோ, அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிக் கணக்குப் போடுகிற அரைக் கிலோ ஸ்லாப்பில் 8 ஆகிவிடும். துணியைத் திணித்து மேல்பக்கம் 3 சென்டிமீட்டர் உப்பினால் உயரம் 28. இப்போது 8.82, அதாவது 9 கிலோ. மெஷின் உப்பின இடத்தைத்தான் உயரமாக எடுத்துக்கொள்ளும். பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவு அதற்குத் தேவையில்லை. அதே துணியைக் காற்றில்லாமல் அழுத்தி, 14 சென்டிமீட்டர் உயரத்துக்கு பாலிதீன் கவரில் போட்டால் கன அளவு எடை 4.41 தான். அப்போது நிஜ எடையான 5 கிலோவுக்கே கட்டணம். துணிக்குப் பெட்டி வேண்டியதில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கும் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வேறு ரகம். சின்னப் பெட்டியே நல்ல கனம் கனக்கும். அதற்குத் தராசுதான் முக்கியம், அளவு டேப் அப்புறம்.

ஆகவே ஆப் வழியே போகிறவர்கள் பேக்கிங் டேப் ஒட்டி, ஸ்டிக்கரும் ஒட்டி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். 1 கிலோ 20 கிராம் வந்தால் 1 கிலோ என்று அடிக்காதீர்கள்; அது ஒன்றரைக் கிலோ ஸ்லாப். வித்தியாசம் பின்னால், ஆப்பில் நாம் பணம் போட்டு வைத்திருக்கும் வாலெட்டில் கழியும், வாடிக்கையாளரிடம் மறுபடி போய்க் கேட்கவா முடியும்? தராசில் எண் தெரியும்படி ஒரு படம், அளவு டேப் வைத்த மூன்று பக்கமும் ஒவ்வொரு படம், எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் நம்பர் தெரிய வேண்டும். எடை தப்பு என்று முறையிட இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். முறையிடுவதற்குக் கெடு உண்டு, ஆகவே வாலெட்டை அடிக்கடி பாருங்கள்.

வால்டாக்ஸ் ரோட்டு லாரி பார்சல் பண்டல் சரக்குக்கு. இங்கே கன அடிக் கணக்கு: ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குறைந்தபட்ச எடை என்றும் ஒன்று வைத்திருப்பார்கள், அதனால் ஒற்றைப் பெட்டிக்கு இது லாயக்கில்லை. முப்பது நாற்பது கிலோ பண்டல் என்றால் மற்ற இரண்டையும்விட லாரிதான் மலிவு.

எல்.ஆரில், அதாவது லாரி கம்பெனி தரும் சரக்கு ரசீதில், எடையைக் குறைத்துப் போடச் சொல்கிற பழக்கம்தான் எனக்கு ஆகவே ஆகாது. சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன் விதிகளின்படி, சரக்கு தொலைந்தால் பொதுவாகக் கிடைக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கட்டிய கட்டணத்தின் பத்து மடங்கு. 300 ரூபாய் கட்டியிருந்தால் 3000 வரைதான். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம். அதைவிடப் பெரிய விஷயம், பண்டல் மேல் 25 என்று எழுதியிருந்தால் லோடுமேன் ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொள்வார். உள்ளே 45 இருந்தால் அடிபடுவது அவர் முதுகு.

சில்லறை பார்சலுக்குத் தபால், தினசரி ஆர்டருக்கு ஆப், ஊர்க் கடைகளுக்குப் போகும் பண்டலுக்கு லாரி என்று பிரித்துக்கொள்ளலாம். ஆப் பக்கம் போவதற்கு முன், நீங்கள் வழக்கமாக அனுப்பும் நாலைந்து சைஸ் கவரையும் சரக்கோடு அளந்து, எடையும் போட்டு, பேக்கிங் செய்கிற இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் யார் புக் செய்தாலும் அந்த எண்ணையே அடிப்பார்கள்.