வெள்ளைக் காரில் துருப்புள்ளிகள்: சோனாக்ஸ் ஃபால்அவுட் கிளீனர் மதிப்பீடு

வெள்ளை அல்லது வெள்ளி நிறக் காரைக் கழுவித் துடைத்தபின் அருகில் குனிந்து பார்த்தால், டிக்கிக் கதவிலும் சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள பகுதியிலும் ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிவதுண்டு. தகடே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதோ என்று பதறி, பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவை வெளியிலிருந்து வந்து பெயின்டில் பதிந்த இரும்புத் துகள்களே. பிரேக் டிஸ்க் தேயும்போதும், ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போதும், பட்டறைகளில் கிரைண்டர் ஓடும்போதும் தெறிக்கும் துகள்கள் கிளியர் கோட்டில் (நிறப்பூச்சின் மேல் உள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சில்) ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருவாகின்றன. துருவேறிய இரும்பு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள பூச்சை மெல்லமெல்லச் சிதைக்கிறது. கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 50 மைக்ரானுக்கு உட்பட்டதுதான் என்பதால், இதை அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல.

என் வெள்ளை ஹேட்ச்பேக் பெரம்பூர்ப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், கூரை ஏதுமின்றி நிற்கிறது. மேற்கூரையிலும் பானெட்டிலும் விழுந்திருப்பவை ரயில் பாதையிலிருந்தோ அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம்; கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் பின்புறத்திலும் நெருக்கமாக இருப்பவற்றுக்குச் சொந்த பிரேக்கே காரணம் என்று நினைக்கிறேன். சரக்கு ரயிலில் ஏற்றி ஷோரூமுக்கு வந்த புது வண்டியிலும் இந்தத் துகள்கள் இருக்கக்கூடும் என்பதால், புது வண்டிக்காரர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. சோதனை எளிது: கழுவிய ஈரப் பரப்பின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அழுத்தாமல் தடவ வேண்டும். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தோன்றும் இடம்கூடப் பைக்குள்ளிருந்து தொட்டால் சொரசொரவென்று உணர்த்திவிடும்.

இப்படிப் பதிந்த இரும்புத் துகள்களைக் கரைத்து நீக்கும் திரவம்தான் ஜெர்மனியின் சோனாக்ஸ் நிறுவனத்தின் ஃபால்அவுட் கிளீனர். 500 மி.லி. பாட்டிலில் கிடைக்கிறது, அமிலம் இல்லாதது. கார்ப்ரோவின் அயர்ன்எக்ஸ், பில்ட் ஹேம்பரின் கொரோசால் ஆகியவையும் இதே வேலைக்கு உரியவை. இந்த வகைத் திரவங்களில் பொதுவாக வேலை செய்வது தயோகிளைக்கோலிக் அமிலத்தின் உப்பு. அது இரும்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையும் ஊதாநிறச் சேர்மமாக மாறிவிடுவதால், துகளைச் சுரண்டி எடுக்க வேண்டிய தேவையே பெரிதும் குறைகிறது. முடியைச் சுருட்டும் லோஷனிலும் முடி நீக்கும் கிரீமிலும் இருப்பது இதே குடும்பத்துப் பொருள்தான். அழுகிய முட்டையை நினைவூட்டும் அந்தக் கந்தக நாற்றம் எந்த நிறுவனத்தின் பாட்டிலானாலும் ஓரளவு இருக்கவே செய்யும். வாசனை சேர்த்து மறைத்தாலும் முழுதாக மறையாது. மூடிய கார் ஷெட்டுக்குள் அடிக்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மாலை வெயில் இறங்கி, தகடு கையில் குளிர்ச்சியாகப் பட்ட பிறகே வேலையைத் தொடங்கினேன். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவி, மண்ணை நீக்கிவிட்டு, டிக்கிக் கதவில் அடித்தேன். தொடக்கத்தில் எதுவும் நடக்கவில்லை. சிறிது நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு விரிந்தது. பிறகு அந்தப் பொட்டுகளிலிருந்து மெல்லிய கோடுகள் இறங்கி, நம்பர் பிளேட்டின் விளிம்பில் தேங்கிச் சொட்டத் தொடங்கின. மூன்று நான்கு நிமிடங்களுக்குள், அதாவது திரவம் காய்வதற்கு முன்பாகவே, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். அலசிய பிறகு பெரும்பாலான புள்ளிகள் இல்லை. ஆழமாகப் பதிந்திருந்த சில மட்டும் வெளிறிப்போய் நின்றன. அவற்றின் மேல் மறுமுறை அடித்து, ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் தட்டிக் கொடுத்ததும் அவையும் அநேகமாகப் போய்விட்டன. அலாய் வீலில் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. அங்கேதான் பிரேக் தூசி அடைந்து கிடக்கிறது.

நிறம் மாறும் அந்தக் காட்சி கண்ணுக்கு விருந்தாக இருப்பதால்தான் இந்தத் திரவம் இவ்வளவு பேசப்படுகிறது என்பது என் எண்ணம். ஆனால் ஊதா நிறம் இரும்பு இருப்பதை மட்டுமே காட்டுகிறது. தார், சிமென்ட் தெறிப்பு, மரப்பிசின், போர் தண்ணீர் காய்ந்து விட்டுச்சென்ற உப்புக் கறை ஆகிய எதையும் இது தொடாது. சென்னையில் பல வண்டிகளுக்கு இந்த உப்புக் கறைதான் பெரிய தொல்லை என்பதால், அதற்குத் தீர்வாக எண்ணி இதை வாங்குவோர் ஏமாற்றமே அடைவார்கள். கறுப்பு, அடர்நீல வண்டிகளில் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வேலை நடக்கும். அலசும் தண்ணீரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயின்டின் மேல் தேய்த்து, ஒட்டியிருப்பதை எடுக்கும் களிமண் கட்டியான கிளே பார் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கிளே பார் துகளின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையைத்தான் பெரும்பாலும் வெட்டி எடுக்கிறது. வேர் உள்ளேயே தங்கி மறுபடியும் துருவாகக்கூடும், பிடுங்கப்பட்ட துகள்களும் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு பெயின்டைக் கீறும். ஆகவே முதலில் திரவம், எஞ்சியதற்கு மட்டும் கிளே பார் என்ற வரிசையே சரியானது. சில வாட்டர் வாஷ் கடைகளில் துருக்கறைக்கு நீர்த்த ஆசிட் தடவுகிறார்கள். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த திரவங்களை எந்தக் காரணம் கொண்டும் வண்டியின் அருகே கொண்டுவரவே கூடாது. புள்ளி போகுமோ இல்லையோ, குரோம் பூச்சும் இடுக்குகளில் உள்ள வெறும் உலோகமும் நிச்சயம் பாழாகும்.

கையுறை அவசியம், ஏனெனில் திரவத்தில் உள்ள தயோகிளைக்கோலிக் அமில உப்பு தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. பூச்சு இல்லாத வெறும் உலோகப் பாகங்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. பழைய வேக்ஸும் இதோடு ஓரளவு போய்விடும் என்பதால், வேலை முடிந்த அன்றே புதிதாக வேக்ஸ் அல்லது சீலன்ட் பூசிவிட வேண்டும்.

விலை கார் ஷாம்பூவைவிடக் கணிசமாகக் கூடுதல். வண்டி முழுவதும் அடித்துக் குளிப்பாட்டாமல், பையால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு உள்ள பகுதிகளில் மட்டும் அடித்தால் ஒரு சிறிய காருக்கு அரைப் பாட்டிலே தாராளம். ரயில் பாதைக்கோ பட்டறைகளுக்கோ பக்கத்தில் வண்டி நிறுத்துபவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை செய்தால் போதும்; வீட்டுக்குள் நிறுத்தி, வாரம் ஒருமுறை மட்டும் வெளியே எடுப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.